நெறியாளரின் மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது? கோத்தகிரித் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எம்.பார்ம். முடித்த உங்கள் மகள், மருந்து வேதியியல் பேராசிரியர் ஒருவரை நெறியாளராகக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர விரும்புவதாகவும், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அவருக்கு மூவாயிரத்துக்கும் மேல் மேற்கோள்களும் (அதாவது பிற கட்டுரைகள் அவர் கட்டுரைகளைச் சுட்டிய எண்ணிக்கை) 28 என்ற எச்-இண்டெக்ஸும் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத நிலையில், இந்த எண்களை நம்பி மகளின் நான்கைந்து வருடங்களை ஒப்படைக்கலாமா என்ற உங்கள் கவலை நியாயமானது.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவரின் ஆறு கட்டுரைகள் முறையே 60, 22, 9, 5, 4, 2 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், தலா நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் குறைந்தது நான்கு உண்டு. தலா ஐந்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஐந்து இல்லை. ஆகவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. அந்த 60 மேற்கோள் பெற்ற கட்டுரை அவருடைய சொந்த ஆய்வா, பிறர் ஆய்வுகளைத் தொகுத்த மீள்பார்வைக் கட்டுரையா என்பதை இந்த எண் சொல்லாது. மீள்பார்வைக் கட்டுரைகளுக்கு மேற்கோள் எளிதில் குவியும். தம் கட்டுரைகளைத் தாமே மேற்கோள் காட்டுவோரும் உண்டு. மேற்கோள்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்தில் இந்தச் சுயமேற்கோள்களை நீக்கிவிட்டுப் பார்க்கலாம்.

நோயைப் பொறுத்தும் எண் மாறும். புற்றுநோய் மருந்துகளில் உழைப்பவர்கள் உலகெங்கும் மிகுதி என்பதால் அங்கே மேற்கோளும் மிகுதி. நல்ல ஆய்வு எண்ணில் தெரியாமலும் போகலாம். நடுவட்டத்தில் சின்கோனாப் பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குவினைனை எடுத்த மாவட்டம் நம்முடையது. மலேரியா மருந்தின் அருமை நமக்குத் தெரியும். ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைக் கண்டறிந்த சீனத்துத் தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அம்மருந்தின் மூலக்கூறு அமைப்பைப் பற்றி 1977இல் வெளியான கட்டுரையில் தனிநபர் பெயர் எதுவும் இல்லை. ஆய்வுக் குழுவின் பெயர்தான் இருந்தது. எந்த எச்-இண்டெக்ஸிலும் அது அவர் கணக்கில் ஏறியிருக்காது.

எனவே மொத்தத்தை விட்டுவிட்டு, அந்தப் பேராசிரியரின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் நான்கைந்தைத் திறந்து பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள். புதிய சேர்மங்களைத் தயாரித்து, தூய்மைப்படுத்தி, என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவிச் சோதனை) மூலம் உறுதிசெய்து, செல்களிலோ நொதியிலோ சோதித்திருக்கிறார்களா, அல்லது கணினியில் டாக்கிங் (மருந்து மூலக்கூறு புரதத்தோடு எப்படிப் பொருந்தும் என்ற கணிப்பு) செய்ததோடு நிறுத்திவிட்டார்களா என்று மகளால் கண்டுகொள்ள முடியும். ஆய்வுக்கூடத்தில் செய்து முடித்த இரண்டு கட்டுரைகளை, டாக்கிங் மட்டுமே உள்ள பத்துக் கட்டுரைகளைவிட நான் மேலாக மதிப்பேன். மருந்து நிறுவன நேர்காணலிலும் கேள்விகள் ஆய்வுக்கூட வேலையிலிருந்துதான் வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, கட்டுரையின் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். இத்துறையில் வேலையைப் பெரும்பாலும் கைப்படச் செய்த மாணவரின் பெயர் முதலிலும் நெறியாளரின் பெயர் கடைசியிலும் வருவது வழக்கம். முதற்பெயராக வெவ்வேறு மாணவர்கள் வந்தால் அந்த ஆய்வுக்கூடம் மாணவர்களை வளர்க்கிறது என்று கொள்ளலாம். எங்கும் நெறியாளரே முதற்பெயராக இருந்தாலோ, பத்துப் பதினைந்து பெயர்களுக்கு நடுவே மாணவர் பெயர் மறைந்து கிடந்தாலோ தயங்குங்கள். அதே மாணவர்களின் ஆய்வேடுகளை சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் தேடினால் எந்த வருடம் முடித்தார்கள் என்று தெரிந்துவிடும். இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். உங்கள் மகளின் எதிர்காலத்துக்கு அந்த 28ஐவிட இதுவே நெருங்கிய சான்று.

முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கிவிட்டது. ஆயினும் பல்கலைக்கழகங்கள் தனி விதி வைத்திருக்கலாம் என்பதால் சேரும் இடத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று அழைக்கும் ஆய்விதழ்களின் பக்கம் மகள் போகவே வேண்டாம்.

சேர்க்கைக்கு முன் ஒரு முறையாவது மகள் ஆய்வுக்கூடத்துக்கு நேரில் சென்று, நெறியாளர் இல்லாத நேரத்தில் மூத்த மாணவர்களிடம் பேசட்டும். என்.எம்.ஆர். மாதிரிகளை எங்கே அனுப்புகிறார்கள், அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள், மாத உதவித்தொகை எந்தத் திட்டத்திலிருந்து எத்தனை வருடங்களுக்கு வருகிறது என்ற மூன்றையும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அந்தக் குறிப்போடும் கட்டுரைப் பட்டியலோடும் இருவரும் ஊட்டிக்கு வந்தால், உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யலாம்.