சாலைக்குத் தார் போடுகிறார்கள், ஓடை கறுக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: பெஸ்தாரி ஜெயா பக்கம், தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். எங்கள் சாலையைச் சுரண்டி மறுபடி தார் போடுகிறார்கள். சுரண்டிய பழைய தார் லோங்காங் (கால்வாய்) ஓரத்தில் குவிந்து கிடக்கிறது. போன வாரம் மாலை மழையில் பால் கலந்த காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடியது. மறுநாள் எண்ணெய்ப் படலம் மினுமினுத்தது. எல்லாம் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஓடையில்தான் சேர்கிறது. பிள்ளைகள் அங்கே மீன் பிடிக்கிறார்கள். குத்தகையாளரைக் கேட்டால், "மழையே கழுவிவிடும்" என்கிறார். அடுத்த மாதம் கோயில் வளாகத்துக்கும் சிமெண்ட் தளம் போடப் போகிறோம். நாங்கள் என்ன செய்வது, ஐயா?

பதில்: மழை கழுவத்தான் செய்யும். கழுவியதை ஓடைக்குக் கொண்டுபோகும். வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர்க் கால்வாயில் விழுந்தது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போகிறது. உங்கள் வட்டாரத்தில் அது சுங்கை சிலாங்கூர், கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கைத் தரும் ஆறு. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. அந்தக் கழிவின் அளவு வேறு. ஆனால் உங்கள் கால்வாயில் விழுவதும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது.

நீங்கள் பார்த்த காப்பி நிறம் வெறும் சேறாக இருக்கலாம், புதிய தளம் ஒட்டுவதற்காகத் தெளிக்கும் பசைத் தாராகவும் இருக்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள். சேறு என்றால் மெல்ல அடியில் படியும். பசைத் தார் என்றால் கால்வாயின் சிமெண்ட் சுவரில் காய்ந்ததும் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

பழைய தளத்தின் மேல் புதிய பிரிமிக்ஸ் (தாரும் கல்லும் கலந்த சூடான கலவை) ஒட்டுவதற்காக, தாரைத் தண்ணீரில் குழம்பாகக் கலந்து தெளிப்பார்கள். சதுர மீட்டருக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை போதும். தெளித்தவுடன் அது பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்து தார் தளத்தில் பிடித்ததும் கறுக்கும். பழுப்பாக இருக்கும்வரை அது தண்ணீரோடு கலந்துதான் இருக்கிறது. மழை விழுந்தால் அப்படியே ஓடிவிடும். வெயிலில் சீக்கிரம் கறுக்கும், மேகமூட்டத்தில் தாமதமாகும். ஆகவே குத்தகையாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: காலையில் தெளிக்க வேண்டும், அடுத்த ஒரு மணி நேரத்தில் பிரிமிக்ஸ் போட்டு முடிக்கக்கூடிய நீளத்துக்கு மட்டும் தெளிக்க வேண்டும். மதியத்துக்குமேல் மழை வரும் என்று தெரிந்த ஊரில், முழுச் சாலைக்கும் ஒரேயடியாகத் தெளித்துவிட்டுச் சாப்பிடப் போவது பொறுப்பற்ற செயல்.

மினுமினுக்கும் படலத்தை ஒரு குச்சியால் கலக்கிப் பாருங்கள். தகடு தகடாக உடைந்து பிரிந்தே கிடந்தால் அது இரும்புச் சத்துள்ள நீரில் வாழும் பாக்டீரியா உண்டாக்கும் படலம். செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களில் சாதாரணமாகக் காணலாம், கெடுதல் இல்லை. சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் அது எண்ணெய். இதைப் பார்க்காமல் புகார் கொடுத்தால், அதிகாரி முதல் படலத்தைக் காட்டி உங்கள் புகாரையே மூடிவிடுவார்.

சாலை வேலையில் எண்ணெய் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் டீசல். மண்வெட்டி, வாரி, லாரித் தட்டு ஆகியவற்றில் தார் ஒட்டாமலிருக்க டீசலை ஊற்றுகிறார்கள். மிச்சம் கால்வாயில் போகிறது. புதிய பிரிமிக்ஸில் பட்டால் தாரையே கரைத்து, அந்த இடம் சீக்கிரம் பெயர்கிறது. சோப்புத் தண்ணீரோ மெல்லத் தெளித்த தாவர எண்ணெயோ போதும். செம்பனை எண்ணெய் விளையும் ஊரில் இதற்கு டீசல் ஊற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிந்திய டீசல்மேல் மரத்தூளோ மணலோ போட்டு, ஊறியதும் பெருக்கி, மூடியுள்ள பீப்பாயில் அடைத்து, உரிமம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். "கழுவும் மருந்து" என்று கேன் கேனாக விற்க வருவார்கள், வாங்காதீர்கள். சோப்பு எண்ணெயை அழிக்காது. துளித்துளியாக உடைத்து இன்னும் எளிதாக ஓடையில் சேர்க்கும்.

குவித்து வைத்த பழைய தாரைக் கால்வாய் விளிம்பிலிருந்து தள்ளி மேட்டில் குவித்து, கேன்வாஸ் போட்டு மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், மழைக்கு முன், துடைப்பத்தால் பெருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் பாய்ச்சிக் கழுவக் கூடாது.

இனி கால்வாய்க்குள் நீர் இறங்கும் துளைகள். நைலான் கோணியில் மண் நிரப்பி அடைக்கிறார்கள். மழையில் அந்த மண்ணே கரைந்து உள்ளே போகிறது. 10 முதல் 20 மில்லிமீட்டர் கல்லை முக்கால் பை நிரப்பிக் கட்டி, துளையைச் சுற்றிச் சாலையின்மேல் அரைவட்டமாக, செங்கல் அடுக்குவதுபோல் இரண்டு அடுக்கு வையுங்கள். நீர் கல்லுக்குள் புகுந்து வடியும். மணல் வெளியே தங்கும். தங்கியது மூட்டையின் மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்ததும் வாரி எடுங்கள்.

ஓர் இடத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அலட்சியம் செய்தால் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். சரிவில் உள்ள துளையைச் சுற்றி மூட்டை வைத்தால், மிஞ்சிய நீர் கீழே உள்ள அடுத்த துளைக்குப் போய்விடும். சாலையின் ஆகத் தாழ்ந்த இடத்தில் அடுத்த துளை என்று ஒன்று இல்லை. இரு பக்கத்து நீரும் அங்கே வந்து நிற்கும், அடைத்தால் ஏறும். மழை விட்டபின் கடைசியாகக் குட்டை வற்றும் இடம் எது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதுதான் அந்த இடம். அங்கே ஒரே அடுக்கு போதும், அதிலும் நடுவில் ஒரு மூட்டை அகலத்துக்கு இடைவெளி விடுங்கள். மணலைத் தடுக்கும் வேலையை மேட்டுப் பக்கத்துத் துளைகளில் செய்யுங்கள். கனமழை பிடித்தால் அந்த ஒரு அடுக்கையும் அகற்ற யார் வருவார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கோயில் தளத்துக்கு வருவோம். சிமெண்ட் கழுவிய நீர் கடுங்காரம்; அதன் பிஎச் அளவு 12க்கு மேல் இருக்கும். சின்ன ஓடையில் மீன் செத்து மிதக்க இதுவே போதும். கான்கிரீட் லாரி வந்தால் அதன் சரிவுத் தகட்டைக் கழுவ, கால்வாயிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, 4 அடிக்கு 4 அடி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, கிழியாத தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள். தகட்டை மட்டும் இங்கே கழுவட்டும். டிரம்மைத் தங்கள் பிளாண்டுக்குக் கொண்டுபோய்க் கழுவட்டும். இதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மழை வந்தால் குழியை மூடுங்கள். நீர் வற்றி இறுகியதைக் கட்டியாக உடைத்துக் கட்டடக் கழிவோடு அனுப்பலாம்.

சிமெண்ட் வேண்டாம், "பெரிய வேலையில் மிச்சமான பிரிமிக்ஸ் இருக்கிறது, மலிவாகப் போட்டுத் தருகிறோம்" என்று சாயங்காலம் லாரியோடு யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரிமிக்ஸ் சுமார் 130 டிகிரிக்கு மேல் சூடாக வந்து சேர வேண்டும். ஆறிப்போனதை இளக்க டீசல் கலப்பார்கள், அடித்தளம் போடமாட்டார்கள், ரோலர் ஓட்டமாட்டார்கள். சில மழைக்குள் கல் பெயரும், டீசல் ஓடைக்கு வடியும், அந்த லாரிக்காரரின் போன் எடுபடாது.

சாலை விஷயத்தில் யாரிடம் போவது? முதலில் வேலை நடக்கும் இடத்து அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். வேலையைக் கொடுத்தவர் பெயரும் குத்தகையாளர் பெயரும் அதில் இருக்கும். வேலையைக் கொடுத்த இலாகாவுக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பல குத்தகைகளின் விலைப்பட்டியலில் மண்ணரிப்பு, கசடுக் கட்டுப்பாட்டுக்கென்று தனித் தொகை இருக்கிறது. வேலை கைமாறி மூன்றாவது ஆளிடம் வந்து சேர்வதற்குள் முதலில் காணாமல் போவது அந்தப் பணம்தான். "அந்தத் தொகை எவ்வளவு, அதில் என்ன செய்தீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மழைநீர் நிர்வாகக் கையேட்டில் (இரண்டாம் பதிப்பு, 2012) இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. விதி இல்லாமல் இல்லை. வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

சாலை ஒருவருக்கு, கால்வாய் நகராண்மைக் கழகத்துக்கு, ஆறு இன்னொருவருக்கு என்று உங்களை அலையவிடுவார்கள். ஒரே கடிதத்தை வேலை கொடுத்த இலாகா, நகராண்மைக் கழகம், சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸ், சுற்றுச்சூழல் இலாகா என நால்வருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்பதைக் கடிதத்தின் அடியிலேயே எழுதுங்கள். நாள், நேரம் தெரியும் படங்களையும், குச்சியால் கலக்கும் காணொளியையும் இணையுங்கள். போத்தலில் பிடித்த நீரை மூடி, தேதி எழுதி, நிழலில் வையுங்கள். யாராவது பார்க்க வந்தால் காட்டலாம்.