கடல் ஆய்வுகளை அதிகாரிகள் காதில் போடுவது எப்படி?

கடலைப் பற்றி ஆய்வாளர்கள் கண்டறிவதை, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பாக் விரிகுடாவில் கடற்புல் ஆய்வுக்காகச் சில வருடம் படகேறியவன் நான். அங்கே பட்டதைச் சொல்கிறேன்.

முதல் தடவை ஓர் அதிகாரியைப் பார்க்க நாற்பது பக்க அறிக்கையோடு போனேன். பொறுமையாகப் புரட்டிவிட்டு அவர் கேட்டார்: “சரி தம்பி, எந்த இடத்துல, என்ன செய்யணும்? அங்க தொழில் பண்றவங்க என்ன சொல்றாங்க?” நாற்பது பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை.

அப்புறம்தான் மல்லிப்பட்டினத்தில் மீனவர்களோடு உட்கார்ந்தேன். தரையில் வரைபடத்தை விரித்ததும், ஆவுளியாவை (கடற்பசுவுக்கு அங்கே அதுதான் பேர்) எங்கெங்கே பார்த்தோம் என்று விரல் வைத்துக் காட்டினார்கள். அந்த இடங்களில் முங்கிப் பார்த்தால், கடற்புல் நடுவே வெறும் மண் தெரியும் நீளக் கோடுகள். வேரோடு பிடுங்கி மேய்ந்த தடம் அது. ஒரு நாளைக்கு 40 கிலோ வரை புல் தின்னும் விலங்கு. குட்டி போடுவதோ சில வருடங்களுக்கு ஒன்றுதான். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும் என்பதால், வலையில் சிக்கினால் மூச்சு முட்டியே செத்துப்போகும். இழுவைமடி (விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் வலை) புல்லையே வாரிக்கொண்டு போய்விடுகிறது.

மீனவர்களின் பயம் வேறு. “பாதுகாப்புன்னு சொல்லி நாளைக்கு எங்க வலையைத் தடுத்துட்டா?” யோசித்தால், அதிகாரி கேட்டதும் இதே கேள்விதான். இதற்குப் பதில் சொல்லாத எந்த ஆய்வும் மேசையைத் தாண்டாது என்பது என் எண்ணம். வனவிலங்குச் சட்டத்திலேயே, ஓர் இடத்தைப் பாதுகாப்பகமாக அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர், நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னால் பல பேரின் பல வருட உழைப்பு இருக்கிறது.

எனவே ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: இடம் எது, செய்ய வேண்டியது என்ன, யார் பிழைப்பு பாதிக்கும், அதற்கு என்ன ஈடு. அதிகாரிகள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து சொல்ல அலுத்துக்கொள்ளாதீர்கள்.

வலையை அறுத்து ஆவுளியாவை விட்டவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். அடுத்த தடவை அதிகாரியைப் பார்க்கப் போகும்போது அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அறுத்த வலை என்ன விலை என்பதை அவரே சொல்லட்டும்.