அனிமேஷனுக்கு எதைப் பார்த்துப் புள்ளி போடுவது?

கேள்வி: நிலாவெளி உப்பளத்தைப் பார்த்துவிட்டு வந்த தரம் 7 பிள்ளைகள், கடல்நீர் உப்பாவதை நால்வர் நால்வராகச் சேர்ந்து, பொருட்களைச் சிறிது சிறிதாக நகர்த்திப் போனில் படம் படமாக எடுத்து அனிமேஷனாகச் செய்யப் போகிறார்கள். போன தவணை செய்தவை எல்லாமே அழகாக இருந்ததால் புள்ளி போடத் திண்டாடினேன். என்ன செய்யலாம்?
விஞ்ஞான ஆசிரியை, திருகோணமலை

பதில்: முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், டீச்சர். பிள்ளை பின்னணியில் வாசிப்பது பெரும்பாலும் பாடநூல் வசனம். விளங்கியதா இல்லையா என்பது படத்தில்தான் தெரியும்.

துணிக்கைகளை எண்ணிக் கொடுங்கள்: நீருக்கு 20 நீல மணி, உப்புக்கு 3 வெள்ளை மணி. (உண்மைக் கடல்நீரில் ஓர் உப்புக்கு ஏறத்தாழ நூறு நீர்த் துணிக்கை வரும், வசதிக்காகக் குறைத்ததைச் சொல்லிவிடுங்கள்.) படத்தின் மேல்பாதியைக் காற்றுக்கு விடட்டும், இல்லாவிட்டால் மணி வெளியே போய்க் கணக்குக் கெடும். கடைசிப் படத்தில் 20 நீலமும் காற்றில் தனித்தனியே, 3 வெள்ளையும் பாத்தியில் சேர்ந்து இருக்க வேண்டும். நீலம் குறைந்தால், ஆவியான நீர் இல்லாமற் போகிறது என்ற எண்ணம். வெள்ளையும் மேலே போனால், உப்பும் ஆவியாகிறது என்ற எண்ணம். வெயில் ஏற ஏற மணியைப் பெரிதாக்கினால் துணிக்கையே வீங்குவதாக நினைக்கிறார்கள். உண்மையில் கூடுவது வேகமும் இடைவெளியும். பாத்திக்கு அடியில் நெருப்பு மூட்டும் குழுவும் இருக்கும்: கொதித்தலும் ஆவியாதலும் அவர்களுக்கு ஒன்றே.

ஆனால் கை தவறியும் மணி இடம் மாறலாம். ஆகவே படத்தை நடுவில் நிறுத்தி, "அடுத்து எந்த மணி நகரும், ஏன்?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். கூடவே, "மாரியில் ஏன் உப்பு விளையாது?" மழைநீர் உப்புநீரை ஐதாக்குகிறது, ஈரக்காற்றில் ஆவியாதலும் மெதுவாகிறது, இரண்டையும் சொன்னால் முழுப்புள்ளி, ஒன்றென்றால் பாதி.

பத்துக்கு: மணிக்கணக்கு 3, வெயிலும் காற்றும் காட்டப்பட்டால் 2, தனிப் பதில் 4, தெளிவு 1.

அவுஸ்திரேலியக் கல்வியாளர் கேரி ஹோபன் வளர்த்தெடுத்த ஸ்லோமேஷன் (மெதுவாக ஓடும் அனிமேஷன்) முறையில் செக்கனுக்கு 2 படம் போதும். 30 செக்கனுக்கு 60 படம். போனைப் புத்தக அடுக்கில் டேப்பால் ஒட்டி, யன்னலைச் சாத்தி மின்குமிழ் வெளிச்சத்தில் எடுக்கட்டும். வெளிச்சம் மாறினால் படம் மினுங்கும், அதற்காகப் புள்ளி வெட்டாதீர்கள்.