கேளுங்கள் அக்கா: விருப்ப ஓய்வும் ஒரு உருகுவே நாவலும்

கேள்வி: அக்கா, மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 51. மரியோ பெனதெத்தி ஸ்பானிஷில் எழுதிய 'லா த்ரேகுவா' நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். ஓய்வுக்கு நாள் எண்ணும் அதன் நாயகன் சாந்தோமே வேறு யாருமில்லை, நானேதான். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடட்டுமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, கடலூர்

பதில்: கொடுங்கள் தங்கச்சி. ஆனால் அதற்கு இந்த நாவலைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

1960-ல் வந்த அந்த நாவல் முழுக்க ஒரு டைரி. ஓய்வுக்கு இன்னும் 6 மாதம் 28 நாள் என்று தொடங்குகிறது. உடனேயே சாந்தோமேவுக்குக் கவலை வந்துவிடுகிறது, அப்புறம் என்ன செய்வது என்று. தோட்டவேலை ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி, தினமும் முடியாது. கிதார் பிடிக்கும், ஆனால் 49 வயதில் ஸ்வரம் படிக்க உட்காருவதா?

நீங்கள் நாள் எண்ணும் இடத்தில் கோடு போட்டிருப்பீர்கள். நான் போட்டது வேறு இடத்தில். ஆயிரம் தடவை எழுதிய பதிவை மறுபடி எழுதுவதும், வித்தியாசம் இல்லாமல் கணக்கு நேராவதும்தான் தனக்குக் குறைவாகக் கசக்கும் வேலை என்கிறார் சாந்தோமே. கை பாட்டுக்கு எழுதும், மனசு கனவு காணும். புதுச்சேரியில் பேரேடும் கேஷ்புக்குமாக இருந்தவள் நான். மாசக் கடைசியில் இரண்டு பக்கக் கூட்டலும் ஒத்துப்போகிற நிம்மதி எனக்குத் தெரியும். மேலிடம் திடீரென்று அறிக்கை கேட்கும்போதுதான் அவருக்கு எரிச்சல். உங்களுக்கு வெறுத்தது எது? வேறு சீட்டு கேட்டு வாங்கினால் தீருமா என்று முதலில் பாருங்கள்.

(நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அவருக்கு மறுபடி உயிர் வந்ததும் அந்த அலுவலகத்தில்தான், புதிதாக வேலைக்கு வந்த லாரா அவெயனேடாவால். அவள் இறந்த பிறகுதான் ஓய்வு கைக்கு வருகிறது. இத்தனை நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்ற கேள்வியோடு டைரி நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

நோட்டீஸ் கொடுக்கும் முன் ஈட்டிய விடுப்பில் ஒரு மாதம் போடுங்கள். ஊருக்குப் போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். ஆசையாகச் செய்ய ஒன்று இருந்தால் தயங்காமல் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: பெனதெத்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவரா?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஆமாம். சின்ன வயதிலேயே மாண்டிவிடியோவில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தவர். அலுவலகத்தை வைத்தே ஒரு கவிதைத் தொகுப்பும் 1956-ல் போட்டார். நாவலுக்கு முன் அது கிடைத்தால் அதையே முதலில் படியுங்கள்.