கஞ்சி கரண்டியில் நிற்கட்டும்

கேள்வி: பாப்பாவுக்கு அடுத்த வாரம் ஆறு மாதம் முடிகிறது. டப்பா மாவு வாங்காமல் வீட்டிலேயே செய்து கொடுக்க ஆசை. அத்தை ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி காய்ச்சிக் கொடு என்கிறார்கள், எங்கள் அம்மா கேப்பைக் கூழ்தான் நல்லது என்கிறார்கள். எதில் தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், எதில் வேண்டுமானாலும் தொடங்குங்கள். எனக்குக் கவலையெல்லாம் பதத்தைப் பற்றித்தான். பிள்ளைக்குச் செரிக்காது என்று பயந்து கஞ்சியை நீர்க்க நீர்க்கக் காய்ச்சி, சில வீடுகளில் பால் பாட்டிலிலேயே ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும், அப்புறம் சத்து எங்கே போகும்? கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெதுவாக விழ வேண்டும், அதுதான் பதம்.

களக்காட்டுப் பக்கத்து ஏத்தங்காய் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். முற்றிய காயைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் காய வையுங்கள். ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அப்படியே திரித்தால் பூசணம் பிடித்துவிடும், அதனால் மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகவே செய்யுங்கள். காய்ச்சும்போது பொடியை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள், கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும். சிறு தீயில் கைவிடாமல் கிண்டி, பச்சை வாசம் போனதும் இறக்கி, அரை ஸ்பூன் நெய் விடுங்கள்.

கேப்பையை முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்துத் திரியுங்கள். முளைகட்டிய மாவில் காய்ச்சும் கூழ் அவ்வளவாக இறுகாது, அதனால் அதே கிண்ணத்தில் மாவு கூடப் போட முடியும், பிள்ளையும் சிரமமில்லாமல் விழுங்கும்.

ஆனால் இந்த இரண்டோடு நின்றுவிடாதீர்கள். பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்துக்கு மேல் குறைய ஆரம்பிக்கும், தாய்ப்பால் மட்டும் அதை ஈடுகட்டாது. குழைய வெந்த சோற்றில் சிறுபருப்பும் கீரையும் மசித்துக் கொடுங்கள். அசைவ வீடு என்றால் நன்றாக வெந்த முட்டை, முள் பார்த்து எடுத்த மீன், ஆட்டு ஈரல் எதையும் ஒரு வயதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. டாக்டர் இரும்புச் சொட்டு மருந்து எழுதியிருந்தால் அதையும் விடாதீர்கள்.

முதலில் வேளைக்கு 2, 3 ஸ்பூன் போதும். எட்டு மாதம் முடிவதற்குள் 250 மில்லி கிண்ணத்தில் பாதி அளவு, நாளைக்கு 2 அல்லது 3 வேளை. தாய்ப்பால் 2 வயதுவரை தொடரட்டும்.

கேள்வி: காலையில் கூழ் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன், மாமியார்தான் ஊட்டுகிறார்கள். பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றால் போகிறது. உணவு ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எனக்கு ஃபிளாஸ்க் மேல்தான் சந்தேகம். அந்த வெதுவெதுப்பில் கிருமி வேகமாகப் பெருகும். வெளியில் வைத்த கஞ்சியும் நம் ஊர் வெயிலுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மாவை அளந்து வைத்துவிட்டுப் போங்கள், அத்தை வேளைக்கு வேளை காய்ச்சட்டும், பத்து நிமிட வேலைதான். வாய் வைத்த மிச்சத்தை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்க வேண்டாம். ஊட்டுகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், இதை அத்தையிடம் நயமாகச் சொல்லுங்கள். வயிற்றால் போகும்போது தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுங்கள். அடிக்கடி வருகிறது என்பதால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கூழில் தேனோ கருப்பட்டியோ சேர்க்கலாமா? இனிப்பு இல்லாமல் துப்புகிறான்.
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: ஒரு வயதுவரை தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, மூச்சுத் தசைகளையே முடக்கிவிடலாம், காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அதுவும் சர்க்கரைதான், இப்போது வேண்டாம், உப்பும் வேண்டாம். துப்புவது புது ருசிக்காகத்தான், நாலைந்து நாள் விட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். இனிப்பு வேண்டுமானால் பழுத்த ஏத்தம்பழத்தை ஆவியில் வேகவைத்து, நடுவில் இருக்கும் கறுப்பு நாரை எடுத்துவிட்டு, கூழோடு மசித்துக் கொடுங்கள்.