பேட் வெச்ச சைக்கிள் ஜட்டிக்குள்ள இன்னொரு ஜட்டி வேண்டாம் தம்பி

கேள்வி: அண்ணா வணக்கம். வயசு 36. தாம்பரத்துலேர்ந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு வாரம் மூணு நாள் ஹைபிரிட் சைக்கிள்ல போறேன், ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும். காட்டன் ஜட்டி, மேல டிராக் பேண்ட். தொடை இடுக்குல உரசி எரியுது, சில நாள் அந்த இடமே மரத்துப் போகுது. பேட் வெச்ச ஜட்டி வாங்கலாமா, ஷார்ட்ஸாவே வாங்கணுமா? உள்ள ஜட்டி போடணுமா? எப்படித் துவைக்கிறது? அடுத்த வருஷம் 200 கிலோமீட்டர் பிரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கிற நீண்ட தூர சைக்கிள் ரைடு) ஓட்டணும்னு ஆசை.

பதில்: தம்பி, முதல்ல அந்த எரிச்சல் ஏன் வருதுன்னு புரிஞ்சுக்குங்க, மத்தது எல்லாம் அதுலேர்ந்தே வந்துடும். காட்டன் வேர்வைய உறிஞ்சும், ஆனா விடாது, நம்ம ஊர் புழுக்கத்துல அரை மணி நேரத்துல ஊறிப்போயிடும். ஊறுன தோல் மெத்துனு ஆயிடும், அதுமேல ஜட்டியோட தையல் நிமிஷத்துக்கு எழுபது எண்பது தடவ உரசுது. போதாததுக்கு டிராக் பேண்ட்டோட நாலு தையலும் வந்து சேர்ற இடம் சரியா நீங்க உக்கார்ற இடம்தான். பேட்னா ஏதோ தலகாணி மாதிரின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. வேர்வைய தோல்லேர்ந்து இழுத்து வெளிய விடுறதும், தையலே இல்லாத ஒரு பரப்ப தோலுக்குக் குடுக்குறதும்தான் அதோட முக்கிய வேலை, மெத்துனு இருக்கிறது அதுக்கு அடுத்ததுதான்.

அதனால உள்ள ஜட்டி போடவே கூடாது. பேட் நேரா தோல்லதான் படணும். முதல் நாள் கூச்சமாத்தான் இருக்கும், ஆனா உள்ள ஒரு காட்டன் ஜட்டிய போட்டா காசு குடுத்து தொலைச்ச தையல நீங்களே திரும்பக் கொண்டு வந்து வெக்கிறீங்க.

ஆபீஸ் போற ஆளுக்கு பேட் ஜட்டியே போதும், லைனர்னும் சொல்லுவாங்க. மேல சாதா ஷார்ட்ஸோ லூசான பேண்ட்டோ போட்டுக்கலாம், உடம்போட ஒட்டுற லைக்ரா ஷார்ட்ஸோட லிஃப்ட்ல நிக்க வேண்டியதில்ல. ஒரு மணி, ஒன்றரை மணி நேர ரைடுக்கு இது தாராளம். மாமல்லபுரம் போயிட்டு வர்றதுக்கு நல்ல பேட் ஷார்ட்ஸ் ஒண்ணு வேணும். 200 பிரெவேக்கு 13 மணி நேரம் 30 நிமிஷம் டைம், அதுல முக்கால்வாசி நேரம் சீட்லதான் இருப்பீங்க, அதுக்கு தோள்பட்டை வெச்ச பிப் ஷார்ட்ஸ்தான் என் சாய்ஸ், இடுப்பு எலாஸ்டிக் வயித்த அறுக்காது, பேடும் இடம் விட்டு நகராது.

வாங்கும்போது தடிமனப் பாத்து ஏமாறாதீங்க. கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் பேட அழுத்திப் பாருங்க, ரெண்டு விரலும் ஒண்ணோட ஒண்ணு முட்டுற மாதிரி ஸ்பாஞ்ச் போல ஈஸியா அமுங்குச்சுன்னா அது பத்து கிலோமீட்டர்லயே தட்டையாயிடும். மெல்லிசா இருந்தாலும் அழுத்தமா இருக்கிற ஃபோம்தான் நல்லது. ஜெல் வெச்சது கடையில தொட்டா சொகுசா இருக்கும், ஆனா சூட்ட புடிச்சு வெக்கும், காயவும் லேட்டாகும், நம்ம ஊருக்கு நான் ஃபோம்தான் சொல்லுவேன். ஆம்பளைங்க பொம்பளைங்க பேட் வேற வேற, ஆம்பளைங்களோடதுல முன்பக்கம் நீளமாவும் நடுவுல ஒரு பள்ளமும் இருக்கும். உக்கார்ற ரெண்டு எலும்புக்கு அடியிலதான் தடிச்ச பாகம் வரணும். ஹைபிரிட்ல நீங்க நிமிந்து உக்கார்றதால பின்பக்கம் அகலமா இருக்கிறதா எடுங்க.

சைஸ் பாக்குறப்ப நின்னு கண்ணாடி பாக்காதீங்க, சைக்கிள்ல குனியிற மாதிரி குனிஞ்சு பாருங்க. நடக்குறப்ப குழந்தைக்கு டயப்பர் கட்டுன மாதிரி இருக்கும், அது சரிதான். சுருக்கம் விழக்கூடாது, பேட் தோலோட ஒட்டி இருக்கணும், தொடை எலாஸ்டிக் பள்ளம் போடக்கூடாது. லூசா இருந்தா பேடே உரச ஆரம்பிச்சுடும், சந்தேகம் இருந்தா டைட்டா இருக்கிற சைஸ எடுங்க. (கடையில டிரையல் பாக்குறப்ப மட்டும் உங்க ஜட்டிக்கு மேல போட்டுப் பாருங்க, அடுத்த ஆளும் போடணும்ல.)

மரத்துப் போறது வேற விஷயம் தம்பி, அத எந்த பேடும் முழுசா சரி பண்ணாது. விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்கிற நரம்பும் ரத்தக்குழாயும் சீட்டோட மூக்குல நசுங்குது. சீட் மூக்கு மேல தூக்கியிருக்கான்னு மட்டம் பாக்குற ஸ்பிரிட் லெவல் வெச்சுப் பாருங்க, உயரம் ஜாஸ்தியா இருந்து இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுதான்னு பின்னாடி வர்றவர கேளுங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுந்து பெடல் மேல நில்லுங்க. சீட்டோட அகலம் சரியான்னு பாக்க அட்டைப்பெட்டி அட்டை ஒண்ண மரச்சேர்ல போட்டு அதுமேல முன்னால சாஞ்சு உக்காந்து எழுந்திரிங்க, ரெண்டு பள்ளம் விழும், அந்த ரெண்டு எலும்பையும் சீட் முழுசா தாங்கணும். எறங்குனப்புறமும் மணிக்கணக்கா உணர்வு வரலன்னாலோ, அந்தரங்க விஷயத்துல மாற்றம் தெரிஞ்சாலோ வெக்கப்படாம டாக்டரப் பாருங்க.

உரசல் இருக்கிற இடத்துல ஷாமி க்ரீம் (உரசலக் குறைக்க சைக்கிள் ஓட்டுறவங்க தோல்ல பூசுற க்ரீம்) தடவலாம். பவுடர் வேண்டாம், வேர்வையில உருண்டு மணல் மாதிரி ஆயிடும். வாசலின் உரசலத் தடுக்கும், ஆனா பேட்ல ஏறுனா லேசுல போகாது. அந்த எடத்துல முடிய ஷேவ் பண்ணாதீங்க, வளர்ற முடி உள்ள குத்தி கொப்பளம் வரும், ட்ரிம் போதும். வட்டமா ஓரம் சிவந்து அரிச்சா அது படர்தாமரையா இருக்கலாம், மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கிப் பூசிடாதீங்க, ரெண்டு நாள் அடங்குன மாதிரி இருந்து அப்புறம் பரவும். தோல் டாக்டர்கிட்ட போங்க.

துவைக்கிறதுல ஒரே பிடிவாதம் வேணும்: ஒரு ரைடு, ஒரு துவையல். காஞ்சுடுச்சேன்னு மறுநாளும் மாட்டக்கூடாது. நீங்க ஆபீஸ் போய்ச் சேந்ததும் உடனே மாத்திருங்க, ஈர ஜட்டியோட ஏசில உக்காராதீங்க, கழட்டுனத பிளாஸ்டிக் கவர்ல கட்டியும் வெக்காதீங்க. முடிஞ்சா அங்கயே பாத்ரூம்ல ஒரு அலசு அலசி எங்கயாவது காத்துல போடுங்க. திரும்பி வர்றதுக்கு வேற ஒண்ணு பையில இருக்கணும், அதான் குறைஞ்சது மூணு வெச்சுக்கங்கன்னு சொல்றேன்.

வீட்ல உள்பக்கம் வெளிய திருப்பி, பச்சத்தண்ணில, லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சமா போட்டு பத்து நிமிஷம் ஊறவெச்சு கையால அமுக்கி அமுக்கி அலசுங்க. துவைக்கிற கல்லு, பிரஷ், முறுக்கிப் பிழியிறது மூணுமே பேட கிழிச்சுடும். பிளீச்சிங் லைக்ராவ அரிச்சுடும், வாசனைக்கு கடைசியா ஊத்துற கண்டிஷனர் துணி மேல படிஞ்சு வேர்வைய உறிஞ்ச விடாது. மெஷின்னா வலைப்பைக்குள்ள போட்டு ஜென்டில் மோடு, டிரையர் வேண்டவே வேண்டாம். துண்டுக்குள்ள சுருட்டி அமுக்குனா பாதித் தண்ணி போயிடும். அப்புறம் பேட் வெளிய தெரியிற மாதிரி நிழல்ல காத்தோட்டமா போடுங்க. ஐப்பசி கார்த்திகை மழைல ஃபேனுக்கு அடியில ராத்திரி பூரா கெடக்கட்டும், பேடுக்குள்ள அழுத்தி ஈரம் இல்லன்னு பாத்துட்டுத்தான் போடணும்.

அமுக்குனா பேட் திரும்ப எழும்பலன்னாலோ, துணி வெளிச்சத்துல கண்ணாடி மாதிரி தெரிஞ்சாலோ தூக்கிப் போட்டுடுங்க. பிரெவேக்கு வாங்குற பிப் ஷார்ட்ஸ மட்டும் அன்னிக்குத்தான் மொதமொத போடாதீங்க, அதுக்கு முன்னால நாலஞ்சு ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம் போயிட்டு வந்து பழக்குங்க.