ஆயர் பணிக்கு அழைப்பு வந்திருப்பதாகத் தோன்றினால்

தம்பி, ஆயராக, அதாவது சபைப் போதகராக வேண்டும் என்ற எண்ணம் விடாமல் வருகிறது, இது கடவுளின் அழைப்பா என் ஆசையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நீங்கள் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யவே வேண்டாம். பைபிளில் சிறுவன் சாமுவேல், தன்னைக் கூப்பிடும் குரல் கேட்ட மூன்று முறையும் ஆசாரியர் ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்துத்தான் எழுந்து ஓடினான். கூப்பிடுவது கர்த்தர் என்று புரிந்துகொண்டது ஏலிதான். பவுலையும் பர்னபாவையும்கூட அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்துத்தான் ஊழியத்துக்கு அனுப்பியது. உங்கள் மனதில் கேட்பது ஒன்று, சபை உங்களைப் பார்த்துச் சொல்வது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகும் வரை பொறுங்கள்.

முதலில் உங்கள் ஆயரிடம் நேரில் பேசுங்கள். பிறகு சில மாதமாவது அவர்கூடப் போங்கள், பிரசங்க மேடைக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும், முடிந்தால் கணக்குக்காகச் சண்டை நடக்கும் கமிட்டிக் கூட்டத்துக்கும். மேடையில் நிற்கும் ஆசை நிறையப் பேருக்கு வரும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பக்கத்தில், என்ன சொல்வது என்றே தெரியாமல், எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க உங்களால் முடிகிறதா என்பதைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன். அப்புறம், ஆயரின் மனைவியிடமும் பேசுங்கள். இடமாற்றமும் சம்பளமும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று அவரளவுக்கு யாரும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள்.

டிகிரியை முடித்துவிடுங்கள். நாளைக்கே நல்ல வேலை ஒன்று கிடைத்தாலும் இந்த எண்ணம் அப்படியே இருக்குமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இருக்கும் என்றால் சரி, இறையியல் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சபையின் பரிந்துரையைக் கேட்கலாம். படிப்பு கசந்துபோய் வந்த எண்ணம் என்றால் அதற்கு நாம் வேறு துறை பார்க்கலாம்.

பிறக்கும்போதே உங்களை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்ததாக அம்மா சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சாமுவேலின் தாய் அன்னாளும் அப்படித்தான் பொருத்தனை செய்தாள், ஆனால் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொன்னது சாமுவேல். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத்தொகுப்பு, எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரைக் கட்டாயப்படுத்திக் குருப்பட்டம் பெற வைக்கக் கூடாது என்று சொல்கிறது. உங்கள் சபை வேறாக இருந்தாலும் அந்த நியாயம் உங்களுக்கும் பொருந்தும். அம்மாவிடம் இதைப் பேசத் தயக்கமாக இருந்தால் அடுத்த முறை அவர்களையும் கூட்டி வாருங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.